கூட்டு ஜெபம் எந்தக் கோயிலில்?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல வெயிலில், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பூட்டிய தேவாலயம் ஒன்றின் வாசலில் நின்றேன். கையில் சுருட்டிய பனர். அதில் பெரிய எழுத்தில் 'ஒன்றாய் நிற்போம்' என்று எழுதியிருந்தது.

ஒன்றாய் நின்றது நானும் என் கணவரும்தான். வேறு ஒரு குருவியும் இல்லை.

"உமக்கு இடம் வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார் அவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

தெரியும் என்றுதான் நினைத்தேன். கூட்டு ஜெபக் குழுவின் செயலாளருக்கே இடம் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டுக் கதை பழசு. புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பிறந்தது புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில். கட்டியது கத்தோலிக்கரை. ஒரு ஞாயிறு அவரோடு பூசைக்குப் போவேன். அங்கே எல்லாரும் நற்கருணை வாங்க எழும்பிப் போகும்போது, கத்தோலிக்கர் அல்லாத நான் மட்டும் வாங்கிலேயே உட்கார்ந்திருப்பேன். அடுத்த ஞாயிறு என் தேவாலயத்துக்குப் போவேன். அங்கே "என்ன, கனகாலம் காணேல்லை?" என்பார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி.

இந்தத் தகுதியை வைத்துத்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் பழகின ஆள் என்று. இரண்டு பக்கமும் குழம்பின ஆள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கத்தோலிக்கக் கோயில் பாதர். எங்கள் தேவாலயத்து ஐயர் — போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மூன்றாவது, சில வருடங்களுக்கு முன் அரிசிக் கடை ஒன்றின் மேல்மாடியில் தொடங்கிய சபையின் பாஸ்டர். மூன்று பேரும் தங்கமான மனிதர்கள். அதுதான் பிரச்சினையே.

இந்த முறை கூட்டு ஜெபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் ஜெசிந்தா.

உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவுக்குப் போகிற வழியில், கடற்கரையோடு இருக்கிற மீன்பிடிக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. கணவர் அந்தோனி. ஒரு போட், ஒரு இஞ்சின். வீட்டிலிருந்து கரைக்கு ஒரு மணல் பாதை. அந்தப் பாதை ஓடுகிற காணியை ஹோட்டல் கட்ட யாரோ வாங்கி, கம்பி வேலி அடித்துவிட்டார்கள். இப்போது இஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, சுற்றி வளைத்துக் கரைக்குப் போகவேண்டும். அந்தோனிக்கு இடுப்பில் வருத்தம். அவருக்கு அது ஏலாது.

"போட்டைக் குடுத்துவிடுவம்" என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். அதை வாங்கப் புல்மோட்டையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். திங்கட்கிழமை முடிவு கேட்டு வருவாராம். போட் போனால் அந்தோனி என்ன செய்வார் என்று நான் கேட்டேன். ஜெசிந்தாவும் அவரிடம் அதைத்தான் கேட்டாளாம்.

அவள் முதலில் பாதரிடம்தான் போனாள். பாதர் ஹோட்டல் மனேஜரிடம் போய், வேலியில் ஒரு கேற் வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் தேவாலயத்து ஆள். அவர் ஐயரைக் கூட்டிக்கொண்டு போனார். ஐயர் வேலியையே பின்னுக்குத் தள்ளச் சொன்னார். அதற்கடுத்த வீட்டுக்காரர் சபை ஆட்கள். பாஸ்டர் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தார். வேலி விழவில்லை.

மனேஜர் கொழும்புப் பக்கத்து ஆள். தமிழ் நன்றாகவே கதைப்பார். மூன்று பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்று சொன்னார்: "நீங்கள் மூண்டு பேரும் ஒண்டா வாங்கோ. அப்ப கதைப்பம்."

எங்களைப் பற்றி அவருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வேலியடியில் சந்திப்பதென்று ஏற்பாடு. அதற்குமுன் மூன்று மணிக்கு ஓரிடத்தில் கூட்டு ஜெபம். ஒற்றுமைக்கும் நீதிக்கும் சமாதானத்துக்கும் சேர்த்து. ஜெபம் முடிய எல்லாரும் ஒரே கூட்டமாகக் கரைக்குப் போவது. நல்ல திட்டம்தான், இல்லையா?

ஓரிடம் என்றால்... எந்த இடம்?

அதைத்தான் குழுக் கூட்டத்தில் கதைத்தோம். முறைப்படி இந்த வருடம் எங்கள் தேவாலயம். ஆனால் ஐயர் எழும்பி, பாஸ்டரின் மண்டபத்தில் ஒருநாளும் வைத்ததில்லை, இந்த முறை அங்கே வைப்போம் என்றார். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுடையது சின்ன இடம், மூத்தவர் பாதர், அவருடைய கோயிலில் வைப்பதுதான் அழகு என்றார். பாதர் கையெடுத்துக் கும்பிட்டார். முறை ஐயருடையது, அதைத் தான் பறிக்கமாட்டேன் என்றார்.

இப்படியே ஒரு சுற்று... இன்னொரு சுற்று... கடைசியில் "சரி, அப்ப நீங்கள் சொல்லுறபடியே செய்வம்" என்று மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சொன்னார்கள். எல்லாருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம்.

உடனே முடிவு ஜெபம். எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஜெபத்துக்கு ஆமென் சொன்னபின் ஒருவரும் அலுவல் கதைப்பதில்லை. ஆண்டவரோடு கதைத்து முடித்துவிட்டு, மறுபடி கதிரையை இழுத்துப் போட்டு இடம், நேரம் என்று தொடங்குவது மரியாதையில்லை. கை கொடுத்துவிட்டுக் கலைந்து போய்விட்டார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முறை எங்களுடையதுதானே, எங்கள் தேவாலயமாகத்தான் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தெளிவாக முடிவானது ஒன்றே ஒன்று. சமாதானத்தின் அடையாளமாக எல்லாரும் வெள்ளை உடுப்பு.

ஆகவே, வெயிலில் வெள்ளைச் சேலையோடு நின்றேன் என்று சொன்னேனல்லவா... ஒரு பஸ் வந்து நின்றது. பாதர் இறங்கினார். பின்னால் பஸ் நிறையக் கத்தோலிக்கர், வெள்ளை வெளேரென்று. பாதர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயர் எங்க?"

ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் எங்கள் சனம் முழுவதையும் கூட்டிக்கொண்டு அரிசிக் கடை மாடியில் நிற்கிறாராம். பாஸ்டரைத்தான் காணவில்லையாம். பாஸ்டருக்கு எடுத்தேன். அவர் தன் சபையோடு, கிற்றார், மேளம் சகிதம், கத்தோலிக்கக் கோயில் வளவில் நிற்கிறார். பாதரைத்தான் காணவில்லையாம்.

மற்ற இருவரும் தன் சொல்லுக்கு இணங்கிவிட்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவரும் அவரவர் சொன்ன இடத்துக்கே போயிருக்கிறார்கள். மூன்று பேரும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மனதார. சண்டை பிடித்துப் பிரிந்த சபைகளைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறோம். விட்டுக்கொடுத்து ஒருவரையொருவர் தொலைத்தவர்களை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

அப்போதே மூன்று பேரையும் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் பாதருக்கு மனம் பொறுக்கவில்லை. தன் கோயிலுக்கு வந்த விருந்தாளிகள் வெயிலில் நிற்க, தான் இங்கே நிற்பதா? பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். பாதர் தன் வாசலில் வந்து காய்கிறார் என்று கேட்ட ஐயருக்கும் அதே வெட்கம். அவரும் மாடியை விட்டு இறங்கிவிட்டார். பாஸ்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐயர் தன் மண்டபத்தில் நிற்கிறார் என்றதும் மேளத்தையும் தூக்கிக்கொண்டு சபையின் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

நாங்கள் பாதரின் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனோம். எங்களுக்கு நடுவில் பனர்.

நாலரை மணிக்கு நிலவரம் இதுதான்: எல்லாரும் அவரவர் இடத்தில், கதவுகளை அகலத் திறந்து வைத்து, மற்றவர்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே ஐந்து மணியும் ஆகிவிட்டது. ஜெசிந்தாவின் போன் வந்தது.

"அக்கா, அந்த ஆள் வந்து மணியைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஒரு கோயிலாவது வந்திருக்கலாம், அக்கா. நான் தனிய நிக்கிறன்."

அவள் கேட்டது ஒரு பாதை. நாங்களோ ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு திரிகிறோம். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கெட்டவர் ஒருவராவது குழுவில் இருந்திருந்தால் அவரைத் திட்டியிருக்கலாம்.

ஐயருக்கும் பாஸ்டருக்கும் போன் எடுத்தேன். பாதர் பக்கத்திலேயே நின்றார். மரியாதையெல்லாம் மறந்து மூன்று பேருக்கும் ஒரே வசனம்தான் சொன்னேன்: "ஒரு கோயிலுக்கும் போகவேண்டாம், நேரா கரைக்கு வாங்கோ." எந்த வழியால் என்று சொல்லவில்லை. வழி எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நானும் கணவரும்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். வேலியின் ஒரு பக்கம் ஜெசிந்தாவும் அந்தோனியும். இஞ்சின் மணலில் கிடந்தது. மற்றப் பக்கம் மனேஜரும் இரண்டு வேலையாட்களும். மனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று பேரும் வரவில்லையா என்று மிகவும் பண்பாக விசாரித்தார். ஜெசிந்தா என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது மெயின் ரோட்டுப் பக்கமிருந்து பாதர் வந்தார், பின்னால் பஸ் நிறையச் சனத்தோடு. மனேஜரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

ஐயரின் ஆட்கள் உப்புவெளியிலேயே தவறான ஒழுங்கைக்குள், ஒரு சின்னச் சந்துக்குள், திரும்பி, கடற்கரையில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கரையோடு நடந்து வந்தார்கள். தெற்கே பார்த்தால், மணல் நீளத்துக்கு வெள்ளை உடுப்பு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், களைத்துப் போய் வந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க அது களைப்பாகத் தெரியவில்லை.

பாஸ்டரின் வான் இடத்தைத் தாண்டிச் சல்லி ஊர்ப் பக்கம் போய்விட்டது. அவர்கள் வடக்கிலிருந்து வந்தார்கள். மேளத்தோடு.

கரைப் பாதையைக் கேட்டு மூன்று பக்கமிருந்தும் வெள்ளை வெள்ளையாகச் சனம் வருகிறது. நாலாவது பக்கம் கடல். மனேஜர் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், இன்னும் ஆட்கள் வர இருக்கிறார்களா என்று மெல்லக் கேட்டார்.

என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஓம். கொஞ்சப் பேர் இன்னும் வழியிலை நிக்கினம்" என்றார். உண்மைதான். ஓர் ஓட்டோ நிலாவெளிக்கே போய்விட்டிருந்தது.

மனேஜர் சற்றுத் தள்ளிப் போய் யாருக்கோ போன் எடுத்தார். திரும்பி வந்து, இரண்டு தூண்களுக்கு நடுவில் கம்பியைக் கழற்றச் சொன்னார். முதலாளி வரும்வரை இப்போதைக்கு இது திறந்திருக்கும் என்றார். இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்யத் தேவையில்லையே, சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்றும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜெசிந்தா நன்றி சொல்லவில்லை. அந்தோனியும் அவளும் இஞ்சினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, அந்த இடைவெளியால் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து போக இடம் காணாது.

"இன்னும் கொஞ்சம் அகட்டுங்கோ" என்றாள் அவள். வேலையாட்கள் அடுத்த கம்பியையும் கழற்றினார்கள்.

நான் அழுதேன். சிரிப்பும் வந்தது. எது எதற்கு என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

இனி ஜெபம் செய்யத்தானே வேண்டும்? கரையிலேயே எல்லாரும் வட்டமாகக் கூடினோம். ஒருவழியாகப் பனரையும் விரித்தோம். "பாதர், நீங்கள் தொடங்குங்கோ" என்றார் ஐயர். பாதர் பாஸ்டரைக் காட்டினார். பாஸ்டர் ஐயரைக் காட்டினார். அது ஒரு சுற்று வந்து முடிவதற்குள் இஞ்சின் போட்டில் ஏறிவிட்டது. அந்தோனி கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த சத்தத்தில்தான் எல்லாரும் திடுக்கிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்கள், அவரவர் சொற்களில்.

திங்கட்கிழமை புல்மோட்டை மனிதர் வந்தாராம். அந்தோனி கடலில். ஜெசிந்தா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாளாம்.

இந்தக் கிழமை குழு மறுபடி கூடியது. ஊர் முழுக்க ஒரே கதை: வேதக்காரர் — கிறிஸ்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் — மூன்று பக்கமும் வளைத்துவிட்டார்கள், என்ன திட்டம், என்ன கட்டுப்பாடு! பாதர் அந்த யோசனை ஐயருடையது என்றார். ஐயர் இல்லை, பாஸ்டருடையது என்றார். பாஸ்டர் எல்லாப் புகழையும் பாதருக்குக் கொடுத்தார். மூன்று பேரும் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. செயலாளர் நான் என்ன செய்ய? எழும்பி, ஐயா, அது திட்டமில்லை, வழி தவறினது என்று சொல்வதா? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முடிவு ஜெபம் தொடங்கிவிட்டது.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பது என்றுதான் பனர் அடிக்கும்போது நினைத்திருந்தேன். ஒரே இடத்தில் ஒரே கூட்டமாக ஒழுங்காகப் போயிருந்தால் அந்தக் கம்பி கழன்றிருக்குமா? எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அந்த முதலாளி வந்து நின்றால் எங்களால் ஒன்றாய்ப் போக முடியுமா? அதுவும் தெரியவில்லை. மனேஜர் தமிழ் கதைப்பார், ஆனால் வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் நடந்ததை ஒளிக்காமல் போனில் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"அக்கா, முதலாளி வாற மாதம் வாறாராம்" என்றாள். "அடுத்த கூட்டத்திலையும் இடத்தை மட்டும் முடிவெடுத்துப்போடாதேங்கோ."