பானையைச் சுட முடியாத சுபேதார்

பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் படியில் நின்றபடியே, "உங்க பாவா போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவா என்றால் என் அக்கா புருஷன், ஓய்வுபெற்ற சுபேதார் முனிரத்தினம். அவர் மீசையைக் கண்டால் அரக்கோணத்தில் மெயில் வண்டியே தயங்கி நிற்கும். அவரையா ஒரு சாதாரணக் காய்ச்சல் கொண்டுபோனது? நான் நம்பவில்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பியதும் திருத்தணி மலையடிவாரத்தில் கொய்யாத் தோப்பு போட்டார். இனி அதுதான் சோறு போடவேண்டும். முதல் காய்ப்பிலேயே மலைக்குரங்குகள் இறங்கின. பாவா போர் தொடுத்தார். முள்கம்பி, லாரி பேட்டரி விளக்கு, அணுகுண்டு வெடி, கையால் சுற்றும் சைரன். சைரன் ஊதினால் ஆந்திராவில் பால் திரிந்தது. குரங்குகளோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் சாப்பிடப் போனதும் இறங்கின.

அப்போது டீக்கடை ரேடியோவில் தினமும் வியட்நாம் செய்தி. இத்தனை ஹெலிகாப்டர் வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரன் ஏன் ஜெயிக்கவில்லை என்று யாராவது கேட்டால், மெக்கானிக் காதர் பாய், "நம்ம சுபேதார் தோப்பாண்ட போய்ப் பாரு" என்பார். கடையே சிரிக்கும். பாவா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு கிருத்திகை மத்தியானம். நானும் அவரும் சைரனோடு புதரில் பதுங்கியிருந்தோம். எதிரிக்கு முன்னால் வந்தது என் அக்கா. கிருத்திகையன்று குரங்குக்குச் சோறு வைக்காமல் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கவைக்கோலால் முள்கம்பியைத் தூக்கிப் பிடித்து, வயிற்றில் குட்டி தொங்க வந்த குரங்கிடம், "குட்டிக்காரி, பாத்து வாம்மா" என்றாள்.

மூன்றாம் உலகப்போருக்கு நான் தயாரானேன். பாவா சைரனைத் தொடவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பட்டாளத்துல இருந்தப்போ வடகிழக்கு மலையில கலகக்காரங்கள வீடு வீடா தேடினோம், மச்சான். ஒரு வீட்ல தனியா ஒரு அம்மா. எங்களுக்குத் தண்ணி குடுத்தாங்க. அடுப்புல இருபது பேருக்குச் சோறு கொதிச்சிகினு இருந்துச்சு. யாருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா ஊரையே கொளுத்தியிருப்பாங்க. பேசாம வந்துட்டேன். எங்ககிட்ட பீரங்கி இருந்துச்சு. பானையை எப்படிச் சுடறது?"

அதன்பின் மலைப்பக்கத்து மரங்களைக் குரங்குகளுக்கு விட்டார். மற்றதைப் பழுக்கும் முன்பே பறித்து, மிளகாய் உப்போடு மலைக்கோயில் படிக்கட்டருகே விற்றார். சோற்றுக்குக் குறையில்லை. கிருத்திகைதோறும் கம்பியைத் தூக்கிப் பிடித்தது அவர்தான். ராணுவத் தளபதிக்குக்கூட அத்தனை விறைப்பாக நின்றிருக்கமாட்டார்.

பாவாவின் காரியம் முடிந்ததும் அவர் நினைவாக சைரனைக் கேட்டேன். அக்கா உள்ளே போய்க் கவைக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். வருகிற கிருத்திகைக்கு நான் பிடிக்கவேண்டுமாம்.