வெறும் ரைட்டுன்னா போலாம்

மூன்று டன் இரும்பு கீழே இறங்கியபோது ஒரு மனிதனின் இடது கை அதன் அடியில் இருந்தது. எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு வெட்டும் ஷியரிங் மெஷினை அஸ்திவாரத்தின் மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். கை, மெஷினோடு சிங்கப்பூரிலிருந்து வந்த சீன மெக்கானிக்குடையது. கிரேனின் பட்டனை அழுத்தியவர் காசி. நடுவில் ஒரு சொல் இருந்தது. அதை மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

1. ஒரே சொல், ஒரு பக்கம் முழுக்க

மெக்கானிக்கின் பெயர் ‘தான்’. சீனர்களில் சாதாரணமான குடும்பப் பெயராம். எங்கள் ஷெட்டில் அது ஓயாத வேடிக்கை.

"யாருப்பா அங்க மெஷின்கிட்ட?"

"தான்தான்."

"தானேதானா?"

"தான் மட்டும்தான்."

விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்தார். சீனப் பள்ளியில் படித்தவர். நாற்பது வயதுக்குமேல் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. பக்கத்துக்கு ஒரு சொல். எனக்கு இருபத்துமூன்று வயது, ஐ.டி.ஐ. ஃபிட்டர், புரொபேஷனில் இருந்தேன். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவேன் என்பதால் வொர்க்ஸ் மேனேஜர் என்னை அவர் பக்கத்தில் நிறுத்தினார். அவர் சொல்வதைத் தமிழிலும் எங்கள் ஆட்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். கர்வமாகத்தான் இருந்தது.

பொருள்களின் பெயர்கள் அவரைத் தொல்லைப்படுத்தவில்லை. போல்ட் என்றால் போல்ட், கையில் எடுத்துக் காட்டிவிடலாம். ‘ரைட்’ என்ற சொல்தான் ஒரு பக்கத்தை முழுக்க விழுங்கியது. வலது என்றேன். எழுதினார். சரி என்றேன். எழுதினார். செங்கோணத்தை மூலைமட்டத்தில் காட்டினேன். உரிமை, உடனே, நேராக என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சீன எழுத்து. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அவர்கள் மொழியில் வலதுக்கும் சரிக்கும் சம்பந்தமே கிடையாதாம். தமிழிலும் கிடையாது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பேனாவை மூடிவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"ரைட் ஹேண்ட், கரெக்ட் ஹேண்ட். திஸ் ஒன், ராங் ஹேண்ட்?"

சிரித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவும் அந்தப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

2. பத்து மணி

மெஷினின் அடிப்பாகம், படுக்கை என்போம், கிரேனில் தொங்கியது. அஸ்திவார போல்ட்டுகளுக்கு மேல் நாலு விரல் இடைவெளி. பட்டன் பெட்டி காசி கையில். தான் சார் குந்தியபடி, படுக்கையின் ஒரு மூலைக்கு அடியில் மட்டம் சரிசெய்யும் பேக்கிங் தகடு வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்மூலையில் ரசமட்டத்தோடு நின்றேன். படுக்கை அரை அங்குலம் வலப்பக்கம் நகர வேண்டியிருந்தது.

"ரைட்! ரைட்!" என்றார் தான் சார்.

காலையிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த நான், இதை விட்டுவிட்டேன். ரைட்டைப் போய் மொழிபெயர்ப்பார்களா?

காசி இறக்கினார்.

நடுவிரலின் நுனி போய்விட்டது. பக்கத்து விரலில் எலும்பு முறிவு. தான் சார் கத்தவில்லை. காசிதான் கத்தினார்.

3. விளக்கக் கடிதம்

மறுநாள் காசிக்கு மெமோ வந்தது. கட்டளையை மீறி இயக்கியதற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, இரண்டு நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த மாதம்தான் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. எளாவூர்க்காரர், பத்து வருடம் லாரியில் கிளீனராக இருந்துவிட்டு, வீட்டில் தங்கிச் சாப்பிடும் வேலை வேண்டும் என்று இங்கே வந்தவர். கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்து மெமோவை நீட்டினார்.

"நீதான் நைனா இங்கிலீசுல எழுதித் தரணும். ஊட்ல இன்னும் சொல்லல. ஒரே பேஜாரா கீது."

"இன்னான்னு எழுதறது?"

"நடந்தத எழுது. ரைட்டுன்னாரு, எறக்கினேன்."

"அவரு ரைட் சைடுன்னு சொன்னாரு, காசிண்ணா."

"அதுக்கு ‘ரைட்ல ஒடி’ன்னு சொல்லணும். வெறும் ரைட்டுன்னா போலாம். பத்து வருசம் லாரில தொங்கிக்கினு வந்தவன்பா நான். உனுக்குத் தெரியாதா?"

தெரியும். மீஞ்சூரில் நான் ஏறும் பஸ் தினமும் அந்தச் சொல்லில்தான் கிளம்பியது. அதை ஆங்கிலம் என்று நான் எண்ணியதே இல்லை. அதனால்தான் அது அந்த நோட்டில் ஏறவில்லை.

அவர் சொன்னபடியே ஒரு வரி எழுதினேன். ‘அவர் ரைட் என்றார், நான் இறக்கினேன்.’ ஆங்கிலத்தில் அது பைத்தியக்காரன் வாக்குமூலம் போலிருந்தது. அதைக் கொடுத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். புரியும்படி எழுத வேண்டுமென்றால், இரண்டு அர்த்தமும் தெரிந்த ஒருவன் அங்கே நின்றான் என்பதையும் எழுதியாக வேண்டும். பேனா நின்றது. எனக்கும் புரொபேஷன் முடியவில்லை. காசி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன் என்பதை அவர் ஒரு காரணமாகக்கூட நினைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது.

விசாரணையில் மேனேஜர் இரண்டையும் படித்தார். காரில் வந்து காரில் போகிறவர்.

"ரைட்டுன்னா போலாம்னு அர்த்தமா? எந்த டிக்‌ஷனரில இருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் ஃபோர்மேன் மாசிலாமணி சொன்னார்: "மீஞ்சூர் பஸ்ல கீது சார். கண்டக்டர் டெய்லி நூறு வாட்டி கத்தறான்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தான் சாரைப் பார்த்தார். தான் சார் கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்தார். தொங்கும் பாரத்துக்கு அடியில் கை வைத்தது தன் தப்பு, கையை வெளியே எடுத்த பிறகுதான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

காசியின் மெமோ ரத்தானது. அதே மாதம் வேலை நிரந்தரமானது. என் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. நியாயம்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத சொல் யாரையும் நசுக்காது. அதைக் கேட்டதும் மனிதன் நின்றுவிடுவான். எல்லோருக்கும் தெரிந்த சொல்தான் நசுக்கும். அதனால் ‘புரிஞ்சுதா?’ என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள்.

விசாரணை முடிந்து நான்கு நாள் கழித்துப் படுக்கையை மறுபடி தூக்கினோம். பட்டன் பெட்டியை எடுத்த காசியிடம்தான் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டேன்.

"காசிண்ணா, தான் சார் ரைட்டுன்னா இன்னா பண்ணுவ?"

"கை எங்க கீதுன்னு பாப்பேன் நைனா. அவரு இன்னா சொன்னாருன்றது அப்பாலதான்."