பச்சையாக வந்த சேதி

செட்டாப் பாக்ஸ் வைத்தால்தான் பாதி சேனல் தெரியும் என்று மெட்ராஸ் முழுக்கக் குழம்பிக்கிடந்த சமயம். எங்கள் தெருக் கேபிள்காரர் தன்னுடைய பழைய எட்டடி டிஷ் ஒன்றைக் காயலான் கடைக்குப் போடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அதற்கு முன்னால் நான் போய் நின்றுவிட்டேன். வலைக்கம்பி டிஷ். உப்புக்காற்று ஓரமெல்லாம் அரித்து, ஒரு பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. நானும் பக்கத்துப் போர்ஷன் வெல்டர் அண்ணனும் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றித் திருவொற்றியூர் தேரடி வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "இன்னா மாமு, ராக்கெட்டு வுடப் போறியா" என்று கேட்டார். அண்ணன் நிற்காமல், "ஆமா, உனக்கு முன் சீட்டு போட்டு வச்சிகீறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பேச்சே அப்படித்தான். அவர் சொன்னவற்றில் பாதியை இன்றைக்கும் நான் என் பேச்சுபோலச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எனக்குத் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை. அண்ணனுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வெல்டிங். சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளில் தேடி ஒரு கனமான குழாயை எடுத்துவந்து, மொட்டைமாடியில் நட்டு, டிஷ்ஷை அதன்மேல் அவரே ஏற்றிப் பற்றவைத்தார். யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எந்தப் பக்கம் திருப்பினால் எந்தச் சாட்டிலைட் என்பதைத் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் கண்டுபிடித்தோம்.

ஒருநாள் ரிசீவரில் நான் ஒரு எண்ணை மாற்றி அமுக்கிவிட்டேன். திரையில் ஒரு ஆள் வந்தான். கையில் மைக், மறுகையில் சீப்பு. தலை வாரிக்கொண்டான், மூக்கைத் துடைத்தான், யாரையோ பார்த்து, "டீ சொன்னியே, எங்க" என்று கேட்டான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் முகத்தை மாற்றிக்கொண்டு கடகடவென்று செய்தி சொன்னான். பிறகு படமே இல்லை. வானம் அவனை விழுங்கிவிட்டது.

அதன் கணக்கு பிறகு புரிந்தது. சம்பவம் நடக்கும் இடத்துக்கு டிவிக்காரர்கள் வேன் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து படத்தை வானத்துக்கு ஏற்றி, தங்கள் ஆபீசில் இறக்குகிறார்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறார்கள். பூட்டுப் போடாமல் அனுப்பிவிட்டால் அந்தப் படம் நம் மொட்டைமாடியிலும் இறங்கும். எப்போது வரும், எங்கே வரும் என்று எந்தப் பேப்பரிலும் போடமாட்டார்கள். தேடிப் பிடிக்க வேண்டியதுதான். ரிசீவரில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று சிக்னலின் பலம், ஒன்று தரம். இரண்டாவது கோடு செத்தே கிடக்கும். திடீரென்று உயிர் வந்து எழுந்து நிற்கும். அந்த நொடிக்காகத்தான் அத்தனை பாடும்.

படத்துக்கு முன்னால் வருகிற கலர் பட்டைகளுக்கு அண்ணன் ஒரு பெயர் வைத்திருந்தார். "பாய் விரிச்சிட்டாங்க நைனா, ஆளு வந்துடும்" என்பார். படம் கட்டம் கட்டமாக உடைந்தால், "ஜல்லி கொட்டுது." விளம்பரமே இல்லாத கிரிக்கெட் பார்த்தோம். ஓவருக்கு ஓவர் நடுவே ஆட்டக்காரர்கள் கொட்டாவி விடுவதையும் பார்த்தோம். யாரோ பெரிய மனிதர் வந்து உட்காரவேண்டிய நாற்காலியை ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். என் மனைவி அரிசி களைந்துகொண்டே, "நம்ம வூட்லயும் நாலு நாற்காலி சும்மாதான் கீது, அத்தப் பாக்கக் கரண்டு வேணாம்" என்றாள். அண்ணன் விடவில்லை. "தங்கச்சி, நியூஸ்ல வர்றது ஓட்டல் சோறு. நமக்கு வர்றது பச்சையா வருது. நாமதான் ஆக்கித் துன்னணும்" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய கம்பெனி கதவடைத்தது. சம்பளத் தகராறில் தொடங்கி, நோட்டீசில் முற்றி, ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். எங்கள் காம்பவுண்டில் மட்டுமே இன்னும் சில குடும்பங்களுக்கு அந்தக் கம்பெனிதான் சோறு. பேச்சுவார்த்தை நடக்கும், உடையும், மறுபடி நடக்கும். அண்ணன் காட்டுப்பள்ளிப் பக்கம், மணலிப் பக்கம் என்று கிடைத்த கூலி வேலைக்குப் போய்வந்தார். அண்ணியோடு பிறந்தவர் ஓசூரில் ஒரு பட்டறையில் மேஸ்திரி. வந்தால் வேலை தயார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அண்ணன் காது கொடுக்கவில்லை. காசிமேட்டில் பிறந்து, திருவொற்றியூரில் பெண் எடுத்து, எண்ணூரில் வேலை பார்த்த மனிதர். அவருக்கு ஊர் என்பது அந்த ஒரே ரோடுதான்.

கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் கடைசிப் பேச்சுவார்த்தை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் அண்ணி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"நாளிக்கு தொறந்தா நான் வாயே தொறக்கல. தொறக்கலன்னா ஓசூரு. அப்பால பேச்சு கெடையாது."

அண்ணன் தலையாட்டினார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

மறுநாள் மதியமே அண்ணன் என்னை வந்து பிடித்தார். பேச்சுவார்த்தை நடக்கும் கட்டடத்தின் வாசலில் டிவி வேன் நிற்கிறதாம், ரோட்டோரம் பார்த்துவிட்டு வந்த ஆள் சொன்னானாம். சாயங்காலச் செய்தி வரைக்கும் காத்திருக்க அவரால் முடியவில்லை. அந்த வேன் எந்த எண்ணில் வரும் என்று எங்களுக்கு மனப்பாடம். ஆனால் டிஷ்ஷை இறுக்கும் போல்ட்டின் மரை துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிப் பார்த்தோம். மதியக் கடற்காற்றுக்குக் கயிறு கொஞ்சம் நெகிழும். ஒரு விரற்கடை அசைந்தால் போதும், படம் போய்விடும். கடைசியில் அண்ணனே விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கீழே என் வீட்டுக் கூடத்தில் ரிசீவரோடு நான். மாடிப்படித் திருப்பத்தில் என் மனைவி. நான் சொல்வதை மேலேயும், அவர் சொல்வதைக் கீழேயும் கடத்துவது அவள் வேலை.

திரையில் பாய் விரித்தார்கள். கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் என் கூடத்தில் வந்து நிறைந்துவிட்டன. செருப்புகள் வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் கிடந்தன. பட்டைகள் போய்ப் படம் வந்தது. ஒரு கட்டடத்தின் மூடிய கதவு. அதன் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு ரிப்போர்ட்டர் பெண். தண்ணீர் குடித்தாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், கையில் இருந்த தாளைப் பார்த்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"மாதக்கணக்கில் நீடித்த கதவடைப்பு இன்று முடிவுக்கு வந்தது. வரும் திங்கட்கிழமை முதல் தொழிற்சாலை மீண்டும் இயங்கும் என அறிவிக்கப்பட்டுள்ளது."

கூடத்தில் ஒரு பெரும் மூச்சு. நான் சொல்வதற்கு முன்பே என் மனைவி மேலே பார்த்து, "அண்ணே, தொறக்கிறாங்களாம்" என்றாள். உடனே ஜல்லி கொட்டி, படம் செத்தது. அண்ணன் டிஷ்ஷை விட்டுவிட்டார். அவர் இறங்கி வந்த வேகத்துக்கு எங்கள் படிக்கட்டு பழக்கப்பட்டதில்லை. பிடித்துப் பிடித்துச் சிவந்த உள்ளங்கைகளோடு கூடத்தின் நடுவில் நின்று, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். யாரோ தூக்கில் டீ வாங்க ஓடினார்கள். ஒருவர் அப்போதே யூனிபார்மை ஊறவைக்கச் சொல்லி மகளை வீட்டுக்கு அனுப்பினார்.

"நான் பாக்கவே இல்லியே நைனா. இன்னொரு வாட்டி காட்டு" என்றார் அண்ணன்.

அதுவும் நியாயம்தானே. இந்தத் தடவை நான் மேலே போய்ப் பிடித்தேன். கம்பி கையில் அனலாய்ச் சுட்டது. காற்று அந்த வலையைப் பாய்மரம் மாதிரித் தள்ளியது. இவ்வளவு நேரம் இதையா இந்த மனிதர் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே என்று மனைவியின் குரல் வந்தது. "வந்துடுச்சு" என்றது. அதற்குப் பிறகு கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பேர் நிறைந்த வீட்டில், ஒரு பிள்ளைகூட அழவில்லை.

படியேறி வந்தது அண்ணன். நிதானமாக வந்தார். என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை வைத்தார்.

"ரெண்டுத்தையும் சொல்லிப் பாக்குது நைனா அந்தப் பொண்ணு" என்றார். "தொறந்தா ஒண்ணு, தொறக்கலன்னா ஒண்ணு. உள்ள இருந்து இன்னும் யாரும் வெளிய வர்ல. நீ கீழ போ, நான் புடிச்சிக்கிறேன்."

அவள்மேல் என்ன தப்பு. எந்தக் கதவு எப்போது திறந்தாலும் தடுமாறாமல் சொல்லவேண்டுமே. இதில் வேடிக்கை, ஒத்திகை என்றால் என்னவென்று மெட்ராசிலேயே எங்களைவிட அதிகம் பார்த்தவர்கள் இல்லை. மழையே தொடங்காத இடத்தில் நின்று மழையைச் சொல்லிப் பழகினவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். நமக்கு வேண்டிய சேதி வந்ததும் அதெல்லாம் எங்கே போனதோ.

கீழே டீ வந்திருந்தது. யாரும் தொடவில்லை. திரையில் அந்தக் கதவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரிப்போர்ட்டர் பெண் பக்கத்தில் ஒரு கட்டைச்சுவரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படம் ஆடாமல் அசையாமல் நின்றது. மேலே எப்படி நிற்கிறார் என்று அதிலிருந்தே தெரிந்தது.

கதவு திறந்தது. சங்கத்துத் தலைவர் முதலில் வந்தார். எப்போதும் வெளியே வந்ததும் வாசலில் நிற்பவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவர். அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை. யாரையும் பார்க்காமல் நேராக ஒரு ஆட்டோவை நோக்கி நடந்தார். ரிப்போர்ட்டர் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே எழுந்து மைக்கோடு அவர் பின்னால் ஓடினாள். இனி அவள் இரண்டில் எதைச் சொல்வாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணி எழுந்தார். என் மனைவி சொல்லிவிடுவாளோ என்று, படித் திருப்பத்தில் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே மேலே போனார். அங்கே நடந்தது என் மனைவி பார்த்துச் சொன்னது. அண்ணன் திரும்பி, "இன்னா" என்று ஒரே வார்த்தை கேட்டாராம். அண்ணி விளிம்பின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு, "வுட்டுடாத. கீழ எல்லாம் பாத்துகினு கீறாங்க" என்றாராம்.

நான் கூடத்தில் இருந்து படம் உடைவதற்காகக் காத்திருந்தேன். உடையவில்லை. அந்தப் பெண் கேமரா முன்னால் வந்து, பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது என்று சிரிக்காமல் முழுவதும் சொல்லி முடிக்கிற வரைக்கும், வேன்காரர்கள் தாங்களாகவே அணைக்கிற வரைக்கும், ஒரு கட்டம்கூடச் சிதறாமல் நின்றது. பார்க்கவேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அண்ணி ஆறிப்போன டீயை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஓசூருக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் போன பிறகு நான் தேடுவதும் குறைந்துவிட்டது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இருந்த வேலை. தனி ஆளாக மாடிக்கும் கூடத்துக்கும் ஏறி இறங்கிப் பார்த்தேன். படம் கிடைத்தாலும், "பாய் விரிச்சிட்டாங்க" என்று சொல்ல ஆளில்லாமல் அது வெறும் கலர் பட்டையாகத்தான் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. அங்கேயும் ஒரு டிஷ் போட்டுவிட்டாராம்.

"நைனா, காசிமேட்ல வேன் நிக்குது" என்றார். "புயல் சின்னம்னு சொல்ல வந்துகீறாங்க. ரிப்போர்ட்டர் எங்கியோ டீ குடிக்கப் பூட்டான் போல. கேமராவ அப்பிடியே வுட்டுட்டான். கடலுதான் தெரியுது. நாம மீன் வாங்குவமே, அந்த எடம்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கம்பெனி கேட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள், அவருடைய போர்ஷனுக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது என்று தொடங்கினேன்.

"அப்பால சொல்லு" என்றார். "அவன் வந்துட்டான்னா பேச ஆரம்பிச்சுடுவான். லைன்லயே இரு."

இருந்தேன். அவருடைய டிவியில் அலை விழுகிற சத்தம் போன் வழியாகக் கேட்டது. உள்ளேயிருந்து அண்ணி ஏதோ கேட்டார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. அண்ணியும் வந்து உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.