மூன்றாம் மாடியில் ஓர் அளவீடு

குவாண்டம் இயற்பியல் கற்பிப்பது, தனக்கே முழுசாகப் புரியாததைப் பிறருக்குப் புரியவைக்கும் தொழில். எழுபதுகளின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் கல்லூரி ஒன்றில் நானும் அதைச் செய்தேன். கரும்பலகை முன் திருதிருவென்று விழிக்கும் சக வாத்தியார்களே, உங்களுக்கு இதெல்லாம் பழகிய அவஸ்தைதான்.

மூன்றாவது தாள்

முதல் வகுப்பில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள்கள் இரண்டை விளக்கின் முன் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடிப்பேன். வெளிச்சம் அடைபட்டுவிடும். நடுவே மூன்றாவது தாளைச் சாய்வாகச் செருகினால் வெளிச்சம் மறுபடி வரும். சாய்ந்த தாளைத் தாண்டிய ஒளி நிமிர்ந்ததும் படுத்ததும் கலந்த நிலையில் இருப்பதால் கொஞ்சம் தப்பித்து வருகிறது என்று விளக்குவேன். லூயிஸ் என்ற மாணவி தானே செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாவும் அம்மாவும் பேசாம இருக்கறப்போ நான் நடுவில போய் நிக்கறதும் இதே கணக்குதான், சார்."

கடைசி வாரம்

அதே லூயிஸ் இன்னொரு நாள் மடக்கினாள். அளவீட்டின்போது அந்தக் கலந்த நிலை எந்த இடத்தில் இரண்டில் ஒன்றாக முடிவாகிறது? அளக்கும் கருவியிலா? கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதுவும் கலந்து போகாதா? பார்க்கிற கண்ணிலா? கண் மட்டும் என்ன உசத்தி? நல்லவேளை, மணி அடித்தது. துறைத் தலைவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் புகைபிடிக்கும் பைப்பைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பாடத்தை எப்பவும் கடைசி வாரத்துக்கு வை. கேள்வி கேக்க யாருக்கும் நேரம் இருக்காது."

ஊருக்கா, இங்கேயா

என் வேலையை வருஷா வருஷம் நீட்டிப்பார்கள். அதனால் மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் சோபா கிடையாது, திரைச்சீலை கிடையாது, பெட்டிகள் மட்டும் அலமாரி மேல் தயாராக இருக்கும். திரும்பிப் போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று யார் கேட்டாலும் இரண்டும் என்பேன். முடிவு ஏற்கெனவே இருந்து நமக்குத் தெரியாமலிருப்பது வேறு, முடிவே இல்லாமல் இரண்டும் சேர்ந்திருப்பது வேறு என்று மனைவி கமலாவுக்கும் பாடம் நடத்தினேன். அவள் சிரிக்கவில்லை. எந்த ஊரிலும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதில் மாறவில்லை.

ஒரு வசந்தத்தில் அவள் அண்ணன் சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பிய மரப்பெட்டி வந்தது. எங்கள் வீட்டுக்கு வெளிப்படிதான், இரும்பில், வளைந்து வளைந்து ஏறும். மூன்று ஆட்கள் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பெட்டியை மேலே கொண்டுவந்து சமையலறை ஜன்னலுக்குக் கீழே இறக்கினார்கள். திறந்தால், ஆட்டுக்கல். அதை வரவழைத்த கமலா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் வேலை இல்லை என்றால் என்ன செய்வது என்று பதறினேன். கமலா கல்லைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வேற வேலை தேடுங்கோ. இந்தக் கல் இனிமே கீழே இறங்காது."

அளவீடு சரியாக எங்கே நடக்கிறது என்று வகுப்பில் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, ஆனால் எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னலுக்குக் கீழே நடந்தது, மறுநாளே நான் நிம்மதியாகப் போய்த் திரைச்சீலை வாங்கி வந்தேன்.