பெற்றீசியா முதலாளியானது

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் கொழுந்து பறித்த பெற்றீசியாவுக்கு, கம்பெனி ஆயிரம் தேயிலைச் செடிகளைப் பராமரிக்கப் பிரித்துக் கொடுத்தது. பறிக்கும் கொழுந்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

"இனி நீங்க தொழிலாளி இல்ல, முதலாளி," என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. அன்றே தொழிலாளர் பெயர்ப் பதிவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் கொழுந்து பறிக்கையில் அவளைக் குளவிக் கூட்டம் கொட்டியது. கணவன் ஜெரோமி தோட்ட ஆபீசுக்கு ஓடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டான்.

"உங்க செடியில நடந்ததுக்குத் தோட்டம் பொறுப்பில்லப்பா," என்றார் கிளாக்கர்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. உயிர் தப்பியது, வலக்கண் போய்விட்டது.

நட்டஈடு கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள்.

"அது தொழிலாளிக்கு மட்டுந்தாம்மா. நீங்க சொந்தத் தொழில் செய்றவங்க," என்றார் அங்கிருந்த அதிகாரி.

"அப்ப நாங்க யாருகிட்டதாங்க போறது?"

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பறிக்காமல் கொழுந்து முற்றினால் கம்பெனி செடிகளை வேறு ஆளுக்கு மாற்றிவிடும். மறுநாள் காலை பெற்றீசியா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.