அண்ணி அழைத்துப்போன மெக்சிகன் ஓட்டல்

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தபோது எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடிகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கால் வீங்கியிருக்கிறது, ஷூ ஏறவில்லை என்று ஒரு நாள் செருப்போடு வேலைக்குப் போனார். எங்களுக்குத் தெரிந்த அறிகுறி அது ஒன்றுதான். அந்த வருடம் முடிவதற்குள் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் மூலக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீடு.

டயாலிசிஸ் என்றால் ஊசியும் குழாயும்தான் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய வேலை அடுப்படியில் காத்திருந்தது. உடம்புக்கு நல்லது என்று நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எல்லாமே அவருக்கு ஆகாததாகிப் போனது. இளநீர் கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழமும் ஆரஞ்சும் கூடாது. பருப்பு கொஞ்சமே கொஞ்சம். காய்கறியை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்ட வேண்டும். மிஞ்சிய சக்கையை உப்பில்லாமல் தாளித்துக் கொடுப்பேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. வெயில் காலத்தில் அவர் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரம்மா கீழே குரல் கொடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி என்றார்கள். என் ரத்த வகை அவருக்குச் சேரவில்லை. அவருடைய அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். கூடப் பிறந்தவர் ஒரே அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மகனைக் கட்டிக்கொண்டு, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே பிரான்சுக்குப் போய்விட்டவர். பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர். விஷயத்தை போனில் சொன்னபோது அண்ணி அழுதார். அழுகை நின்றதும், "என்னுது ஒண்ணு அவனுக்கு. நீ அத நெனச்சி கவலப்படாத" என்றார். அங்கேயே டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அதன் பிறகு சில மாதங்கள் டெஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள், டிக்கெட் போட்டுவிட்டேன், வருகிறேன் என்றார். எடுத்த டெஸ்ட் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. உன் உடம்பில் ஒரு பாகத்தை எப்போது அறுத்துத் தருவாய் என்று ஒருவரிடம் எந்த வாயால் கேட்பது? வருகிறாரே, அதற்குத்தான் வருகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணி வந்து இறங்கினார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அந்தக் கையில்தான் டயாலிசிசுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள், தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். அண்ணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெளியே சாப்பிடப் போகலாம் என்று அவர்தான் சொன்னார். கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் மாடியில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் மெக்சிகன் ஓட்டல் திறந்திருந்தார். பிரான்சில் அண்ணியின் மகள் அவரை அடிக்கடி மெக்சிகன் சாப்பாட்டுக்குத்தான் அழைத்துப் போவாளாம். பிரியாணி மாதிரி எண்ணெய் கிடையாது, பிரெஞ்சுச் சாப்பாடு மாதிரி வெண்ணெயும் கிரீமும் கிடையாது, பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நோயாளிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை என்றார். அவருக்குச் சில பொருட்கள் ஒத்துக்கொள்ளாது அண்ணி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "காய்கறி இன்னாம்மா பண்ணும்? நான் பாத்து சொல்றேன், நீ வா" என்றார். என் கணவர் அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நாள் கழித்து அவர் தலைமுடிக்கு எண்ணெய் தடவி வாரினார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு மூவரும் ஆட்டோவில் போனோம்.

ஓட்டல் அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் சுவர், நீல நாற்காலிகள், மேலே மெதுவாகச் சுற்றும் விசிறி. பரிமாறுகிறவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், மரியாதையாகப் பேசினார். மெனு அட்டையில் எனக்கு ஒரு பெயரும் புரியவில்லை. அண்ணி ஒவ்வொன்றாக விளக்கினார். டோர்ட்டியா என்றால் நம் சப்பாத்தி மாதிரி. அதில் சுருட்டினால் புரிட்டோ, மடித்தால் டாக்கோ. குவாக்கமோலே என்பது பட்டர் ஃப்ரூட்டை மசித்து எலுமிச்சை பிழிந்த சட்னி.

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். பொரித்த சிப்ஸ் வேண்டாம். சீஸ் வேண்டாம். மைதா டோர்ட்டியா வேண்டாம். சோறு வேண்டாம். ராஜ்மா மாதிரி வேகவைத்த பீன்ஸ் ஒரு கிண்ணம், வேகவைக்காத தக்காளியும் வெங்காயமும் நறுக்கிப் போட்ட சல்சா, குவாக்கமோலே பெரிய கிண்ணமாக ஒன்று. குடிக்க ஆரஞ்சு ஜூஸ் தம்பிக்கு, சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ் தனக்கு. "வுவாலா, அவ்ளோதான், இதுக்கு மேல ஆரோக்கியமா எதுவும் இல்ல" என்று அட்டையை மூடினார்.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அவருக்குக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை ஒன்றுவிடாமல் அந்த மேசைக்கு வரப்போகின்றன. அந்த மெனுவில் என் கணவர் சாப்பிடக்கூடியது ஏதாவது இருந்தால் அது அண்ணி வேண்டாம் என்று ஒதுக்கிய வெறும் மைதா ரொட்டிதான். அந்த ரொட்டியும், உப்பு போடாமல் வாட்டிய கோழியும், கொஞ்சம் குடைமிளகாயும் கிடைக்குமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டேன். கோழியைக் காலையிலேயே உப்பும் மசாலாவும் போட்டு ஊறவைத்துவிட்டோம் என்றார். வெறும் சோறு? அது தக்காளி போட்டு வடித்தது. உள்ளே போய்க் கேட்டு வருகிறேன் என்று போனவர், ரொட்டி மாவிலும் உப்பு இருக்கிறது, குடைமிளகாயை மட்டும் தனியாக வதக்கித் தருகிறோம் என்று சொன்னார். அண்ணி என்னைப் பார்த்து, அவனை வீட்டிலும் இப்படித்தான் பட்டினி போடுகிறாயா என்று சிரித்தபடியே கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எங்களுக்கு உயிர் கொடுக்க வந்திருக்கிறவரிடம் பீன்ஸுக்காக வாதாட என்னால் முடியவில்லை. ருசி பார்க்கிற அளவுக்குத்தான், ஒரு ஸ்பூன்தான் என்று என் கணவரிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

சாப்பாடு வருவதற்கு முன் அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். கழுவுமிடத்தின் கதவு சரியாகச் சாத்தவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அண்ணி சட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் ஒரு பேனாவை அழுத்திக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அந்தப் பேனாவை நான் பார்த்திருக்கிறேன். இன்சுலின்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவசரப்படாமல் பத்து எண்ணுகிறவர் போல உதடு அசைய நின்று, ஊசியை எடுத்தார். சட்டையை இறக்கிவிட்டார்.

"எப்பலருந்து அண்ணி?"

"அஞ்சாறு வருசமா மாத்திரை. இப்ப ஒரு வருசமா ஊசி." பேனாவுக்கு மூடியைப் போட்டார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி போட்டார். "டெஸ்டு எல்லாம் எடுத்தேம்மா. ரத்தம் சேந்துச்சி. எல்லாம் சேந்துச்சி. சக்கரை இருக்கறவங்க குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. வேற டாக்டர்கிட்டயும் போய் கெஞ்சிப் பாத்துட்டேன்."

குழாய் திறந்தே இருந்தது. நான் போய் அதை மூடினேன்.

"போன்ல சொல்ல வாய் வரல. நேர்ல வந்து சொல்லலாம்னு வந்தேன். இங்க வந்தும் முடியல" என்றார். "அவன்கிட்ட நீ சொல்லாத. நானே சொல்றேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் ஒதுக்கிய சோறும் மைதாவும் சர்க்கரையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. தன் உடம்புக்கு எது நல்லது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ அதையே தம்பிக்கும் கேட்டிருக்கிறார். கோபப்பட அங்கே யாரும் இல்லை. அண்ணி குலுங்கி அழவும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையிலிருந்து பவுடர் எடுத்து லேசாக ஒற்றிக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது மேசைக்குச் சாப்பாடு வந்து, பாதி தீர்ந்தும் இருந்தது. பச்சைச் சட்னிக் கிண்ணம் வழித்துத் துடைத்தது போல இருந்தது. பீன்ஸ் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம். ஆரஞ்சு ஜூஸ் டம்ளர் காலி. என் கணவரின் மீசையில் தக்காளி விதை ஒன்று ஒட்டியிருந்தது. மாட்டிக்கொண்டவர் போல என்னைப் பார்த்தார், ஆனால் அந்த முகத்தில் அத்தனை நிறைவு. நோய் வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"நல்லா இருந்துச்சிக்கா" என்றார் அக்காவிடம்.

அண்ணி அவருக்கு எதிரே உட்கார்ந்து, வதக்கிய குடைமிளகாயைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். சாப்பிடவில்லை. நான் என்ன சொல்வது? தின்றதை இனி வெளியே எடுக்க முடியாது. திட்டினால் அந்த முகமும் போய்விடும். தண்ணீர் குடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவரால் படியிறங்க முடியவில்லை. கால் மரத்துப்போகிறது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். கீழ் வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். அண்ணியும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்ததும் நர்சுகள் ஓட ஆரம்பித்தார்கள். அடுத்து உட்கார வேண்டிய ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த டயாலிசிஸ் மிஷினில் இவரை மாற்றினார்கள். டாக்டர் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். இத்தனை நாள் பார்த்துக்கொண்டவருக்கு இது தெரியாதா, நீங்களே விஷத்தைக் கொடுத்துவிட்டு இங்கே கொண்டுவந்தால் நாங்கள் என்ன செய்வது என்று என்னைக் கடிந்துகொண்டார். அண்ணிக்கு எல்லாம் கேட்டது. அவர் முன்னால் வந்து, நான்தான் டாக்டர் வாங்கிக் கொடுத்தேன், அவ வேணான்னுதான் சொன்னா என்றார். டாக்டர் அதற்குள் அடுத்த நோயாளியிடம் போய்விட்டிருந்தார்.

பிற்பகலில் அவருக்குத் தெளிந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணி கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டார். எனக்குச் சர்க்கரைடா, என்னால் தர முடியாதாம் என்று. நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் கணவர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"சரி விடுக்கா" என்றார் பிறகு. "நீ ஒழுங்கா ஊசி போட்டுக்கறியா?"

அண்ணி தலையைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டார். அவர் ஊசி இல்லாத கையால் அக்காவின் முடியைத் தடவிக் கொடுத்தார். நர்ஸ் வந்து அசையாம படுங்க என்று சொல்லும்வரை தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் இருந்துவிட்டு அண்ணி கிளம்பினார். அந்த நாட்களில் எங்கள் மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார், என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார், வீட்டில் சும்மா இருக்கவே அவரால் முடியவில்லை. வேன் வந்தபோது, வேறு யாராவது கிடைப்பார்கள் என்றார். கிடைப்பார்கள் என்று நானும் சொன்னேன். இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து வைத்தோம். இறந்தவர்களிடமிருந்து எடுப்பார்கள், முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்றார்கள். என் கணவர் காலமாவதற்கு முந்தைய வருடம் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். கார் பிடித்து விடியும் முன்பே போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். எங்களைப் போலவே இன்னொரு குடும்பத்தையும் வரச்சொல்லியிருந்தார்கள். சின்னப் பையன், அவன் அம்மா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டு விட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு முன் ஒரு டாக்டர் வந்து, அவனுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்றார். அந்த அம்மா என்னை வந்து கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன்.

திரும்பும் வழி முழுக்க அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டும்போது கண் விழித்தார்.

"ஊர் வந்துட்டுதா?"

இன்னும் இல்லை, தூங்குங்கள் என்றேன்.