ஒரே ஒழுங்கையின் இரண்டு வெள்ளங்கள்

கணினியை நான் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை; தட்டித் தட்டிப் பழகியதுதான். ஆனால் சனத்தின் கதை கேட்பதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான், வரும் ஆண்டுத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லவென்று எங்கள் பிரதேச சபை ஒரு வலைத்தளம் திறந்தபோது, தொண்டனாகப் போய்ச் சேர்ந்தேன்.

சாதாரணப் பட்டியல் எழுத்தை மட்டும் பார்க்கும். இது செமன்ரிக் வெப் என்ற முறையில் செய்தது. எது எதோடு தொடர்பு என்று நாம் சொல்லிக்கொடுத்தால், அதையும் பிடித்துக்கொள்ளும். ஒரே குறையைப் பலர் பலவிதமாக எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்குச் சனம் போட்ட ஆதரவையும் கூட்டி மேலே கொண்டுவரும். மேலே நிற்பவற்றைத்தான் கூட்டத்தில் எடுப்பார்கள். ஆனால் எழுதியவர்கள் சம்மதிக்காமல் சேர்க்கக்கூடாது.

கொக்குவிலில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சிறு தெரு. 'முன்பள்ளி வாசலில் வெள்ளம்' என்று எழுதியிருந்தார் அந்த முன்பள்ளியை நடத்தும் அக்கா. இந்த மாரிக்குள் மதகு கட்டாவிட்டால் பள்ளியை மூடவேண்டியதுதான் என்றும் சேர்த்திருந்தார். 'மில்லடியில் தண்ணீர் தேங்குகிறது' என்று எழுதியவர் பக்கத்து வீட்டு அண்ணை; மில் இருப்பது முன்பள்ளிக்கு நேரெதிரே. மதில் கட்டும்போது எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் கதை பேச்சில்லை. ஒழுங்கைச் சனமும் பாதி அங்கே, பாதி இங்கே ஆதரவு போட்டிருந்தது. இரண்டு கருத்துமே பட்டியலின் அடியில் கிடந்தன.

"அக்கா, ரண்டும் ஒரே இடம்தானே?"

"ஆர் சொன்னது? அது அவரின்ரை வெள்ளம். இது என்ரை வெள்ளம்."

அண்ணையிடம் போனேன். "உவவோடை ஒரே வரியிலை நிக்க என்னாலை ஏலாது தம்பி," என்றார்.

"உங்கடை பேரைக் கொம்பியூட்டர் எடுக்காது அண்ணை. இடத்தைத்தான் பிடிக்கும்."

"இடம் பிடிக்கிறது அவ எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்!"

சிரித்துக்கொண்டே கைப்பேசியில் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். முகம் மாறியது.

"அடுத்த றோட்டிலை லைற் எரியேல்லை எண்டது எங்கடை வெள்ளத்துக்கு மேலையோ?"

'எங்கடை' என்ற சொல் வாயால் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் உடனே சம்மதப் பொத்தானை நீட்டினேன். அழுத்தினார்.

ஓட்டமும் நடையுமாக அக்காவிடம் திரும்பிப்போய்ச் சொன்னேன்.

"அவர் ஓம் எண்டவரோ? அப்ப நான் என்ன, குறைஞ்சவளோ? கொண்டா!"

இரண்டும் ஒன்றானதும் அந்த வெள்ளம் லைற்றைத் தாண்டி மேலே ஏறியது.

கூட்டத்தில் தலைவர், அந்த ஒழுங்கைக்காரர் யாராவது விளக்கம் சொல்லுங்கள் என்றார். இருவரும் ஒன்றாக எழும்பினார்கள்.

"அண்ணை முதல் சொல்லட்டும்," என்று அக்கா அமர்ந்தார். "வெள்ளம் அவரின்ரை மதிலிலை முட்டித்தானே எங்களிட்டை வாறது."

மண்டபமே சிரித்தது. அண்ணையும் சிரித்துவிட்டு, முன்பள்ளிப் பிள்ளைகளின் நனைந்த சப்பாத்திலிருந்து கதையைத் தொடங்கினார். அவர் முடிக்குமுன்பே மதகு திட்டத்தில் ஏறிவிட்டது.